பக்கத்தில் உட்காரும் வேலை

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் என் பையைத்தான் திறந்து காட்டுவேன். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சானிட்டரி நாப்கின், சின்னத் துண்டு, சோப்பு, நாடா வைத்த பாவாடை இரண்டு, எலாஸ்டிக் கால்சட்டை இரண்டு, தொளதொளப்பான பனியன், கிரேயான், வெள்ளைத்தாள், பழுப்புக் காகித உறைகள். துணி எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனை முடிந்ததும் குழந்தை போட்டிருந்த உடுப்பைத் தடயமாக எடுத்துக்கொள்வார்கள். மாற்றுத்துணி கொண்டுவர வேண்டும் என்று அந்த நேரத்தில் எந்த வீட்டுக்கும் தோன்றாது. ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது. நாடாவும் எலாஸ்டிக்கும் எந்த வயதுக்கும் பொருந்தும். காகித உறை தடயத் துணிக்கு. ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். உலர்த்திக் காகிதத்தில்தான் வைக்க வேண்டும். விஷயம் தெரிந்த கையோடு அந்தத் துணியை அலசிப் போட்டுவிட்டு வரும் தாய்மார்களும் உண்டு. அவர்களை யாரும் கோபிக்காதீர்கள். துவைத்துவிட்டால் நடந்தது போய்விடும் என்று கை தானாகச் செய்கிற காரியம் அது.

எங்கள் வேலைக்குச் சட்டத்தில் வைத்திருக்கும் பெயர் ஆதரவு நபர். அலுவலகத்தில் சப்போர்ட் பர்சன் என்பார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளை 2020-இல் திருத்தி எழுதினார்கள். காவல் நிலையத்துக்குப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் குழு ஒரு ஆதரவு நபரை நியமிக்கும். புலன் விசாரணை, மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் அந்தக் குழந்தையோடு நாம் போக வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வழக்கு முடியும்வரை மாதம் ஒரு அறிக்கையைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. குழந்தைக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களுக்கு இது உறுத்தும். இவ்வளவு ஓடியாடிச் செய்தும் வேண்டாம் என்கிறாளே என்று முகம் சுருங்கும். நான் என்ன சொல்வேன் என்றால், ஒரு பெரியவரை வேண்டாம் என்று அவள் சொல்லி, அது செல்லுபடியானது ஒருவேளை இதுவே முதல் தடவையாக இருக்கலாம். அடுத்தவரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு விலகுங்கள். அதுவும் ஆதரவுதான்.

நமக்கான கூலியைத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்து அந்த விதிகளில் கணக்கிட்டிருந்தார்கள். போதாது என்பது உண்மை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் ஆதரவு நபர்களின் தகுதி, பயிற்சி, ஊதியம் பற்றி உத்தரவு போட்டது. ஆனால் கொத்தனாரையும் வெல்டரையும்போல நம்மையும் கைத்தொழில் தெரிந்தவர்களாக எழுதி வைத்திருக்கிறார்களே, அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இவ்வளவு பிள்ளைகளுக்கா இப்படி நடக்கிறது என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். சென்னையில் துளிர் என்ற அமைப்பு 2006-இல் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது 42 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லையைச் சந்தித்திருந்தார்கள். பையன்களில் 48 சதவீதம், பெண் பிள்ளைகளில் 39. மறு ஆண்டு மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்து வெளியிட்ட ஆய்வில் அது 53 சதவீதமாக இருந்தது. பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. இப்போது நாடு முழுக்க ஆண்டுக்கு 50,000-க்கு மேல் போக்சோ வழக்குகள் பதிவாகின்றன. கடுமையான வன்கொடுமை வழக்குகளை எடுத்துக்கொண்டால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். எனக்கு இந்த எண்களால் ஒரே ஒரு பயன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக்குள் பேசப் போகும்போது, ‘இங்கே யாருக்காவது நடந்திருந்தால்’ என்ற தொனியில் நான் பேசுவதில்லை. நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டேதான் பேசுவேன். பையன்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்த்தும் பேசுவேன். சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. நம் கண்தான் இன்னும் பிரிக்கிறது.

குட் டச், பேட் டச் வகுப்புகள் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. வகுப்பு நல்லதுதான். ஆனால் அது முடிந்த மறுநாள் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும். அப்போது அங்கே கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர் இல்லையென்றால், வகுப்பு எடுக்காமலே இருந்திருக்கலாம். தன்னைக் காத்துக்கொள்வது எட்டு வயதுப் பிள்ளையின் பொறுப்பு என்கிற மாதிரி சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நான் கத்தவில்லையே, ஓடவில்லையே என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடும் ஒரு ஓய்வுபெற்ற செவிலியர். பிரசவ வார்டிலேயே காலம் கழித்தவர். படிப்பு, சான்றிதழ் என்று எதையும் பெரிதாகப் பேசமாட்டார். அவர் உட்காரும் விதத்தைப் பார்த்தாலே பாதி வேலை புரியும். குழந்தைக்கு எதிரே உட்காரமாட்டார், பக்கவாட்டில் உட்காருவார். குழந்தை பெஞ்சில் இருந்தால் இவர் தரையில். கதவுக்கும் குழந்தைக்கும் நடுவே ஒருபோதும் உட்காரமாட்டார். எழுந்து போக நினைத்தால் வழி மறிக்கக் கூடாதாம். மடியில் முறத்தை வைத்து வேர்க்கடலையோ மொச்சையோ உரித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கையும் முறத்துக்குள் வரும். கண்ணோடு கண் பார்க்க வேண்டாத இடத்தில், கைக்கு ஒரு வேலை இருக்கும்போது, வாய் தானாகத் திறக்கும். திறக்காமலும் போகும். திறக்காத நாளில் கடலையை உரித்து முடித்து, மடியைத் தட்டிவிட்டு, ‘நாளைக்கு வரட்டுமாடா?’ என்று கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

கூட இருந்த ஒரு இளம் பெண் பொறுக்கமாட்டாமல் ஒருநாள், ‘அந்த மாமா உன்னை எங்கெல்லாம் தொட்டாரு?’ என்று கேட்டுவிட்டாள். பெரியக்கா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், ‘உறை ஊத்தின பாலை ஆட்டி ஆட்டிப் பாக்காதம்மா’ என்றார். பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பிள்ளை மாமா என்றே இன்னும் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். தொட்டதாகவும் சொல்லவில்லை, அதையும் நீதான் சொன்னாய். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் ‘உனக்கு இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தது?’ என்று ஒரு கேள்வி வரும். அப்போது அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும், அந்த அக்காதான் முதலில் சொன்னாங்க என்று. வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

ஆகவே கேள்வியில் சிக்கனம் வேண்டும். ‘அப்புறம்?’, ‘ம்’, ‘அதைப் பத்தி இன்னும் சொல்றியா?’ இவ்வளவு போதும். ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று நாம் ஆதங்கத்தில் கேட்பது அந்தப் பக்கம் குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும். விவரமாக விசாரித்துப் பதிவு செய்வது காவல் அதிகாரியின் வேலை, நீதித்துறை நடுவரின் வேலை. நம் வேலை, அந்தப் பிள்ளை அதே கதையை ஆறு இடத்தில் ஆறு தடவை சொல்ல நேராமல் பார்த்துக்கொள்வது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், வார்டு உறுப்பினர் கேட்பார், ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர்கூடக் கேட்பார். ஒவ்வொருவரிடமும், ‘அது போலீஸ்ல சொல்லியாச்சுங்க, பிள்ளைகிட்ட கேக்க வேண்டாம்’ என்று தன்மையாக, ஆனால் உறுதியாகச் சொல்லப் பழகுங்கள்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் தெரிந்த பிறகு புகார் கொடுக்காமல் இருப்பது சட்டப்படி குற்றம். 19-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. இன்று சத்தியம் செய்து நாளை மீறினால், அந்தப் பிள்ளையை ஏமாற்றிய பெரியவர்கள் வரிசையில் நாமும் ஒருவராகிவிடுவோம். நான் சொல்வது இதுதான்: ‘உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’ சில பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்.

என்னை அத்தை என்று கூப்பிடு, சித்தி என்று கூப்பிடு என்றும் சொல்லாதீர்கள். நமக்கு அது பாசம். ஆனால் பல வழக்குகளில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இருப்பதே அந்த உறவுமுறைகளுக்குள்தான். எப்படிக் கூப்பிடலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பாதிப் பேர் மிஸ் என்பார்கள். அழுகிற குழந்தையைப் பார்த்ததும் கட்டி அணைக்கத்தான் கை போகும். அதையும் அடக்கிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள், தலையைத் தடவுவதாக இருந்தாலும் சரி.

வாக்குமூலம் பதியும்போது பக்கத்தில் இருக்க வாய்த்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் 24-ஆம் பிரிவு. அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் நல்ல அதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட, முன்னாலேயே போன் செய்து ‘மேடம், சுடிதார்ல வந்திடுங்க’ என்று சொல்லிவிடுவது மேல். குழந்தை சொல்கிறபடியே எழுதுகிறார்களா என்று பாருங்கள். உடம்பின் பாகங்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கும். அதை அப்படியே எழுதவிடுங்கள். ‘மேற்படி நபர் தகாத முறையில்’ என்று ஸ்டேஷன் தமிழில் மாறிவிட்டால், ஏழு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். தேதியும் நேரமும் பிள்ளைக்குத் தெரியாது. காப்புக்கட்டு தெரியும், அரைப்பரீட்சை தெரியும், தம்பி பிறந்தது தெரியும். இதை அதிகாரியின் காதில் போட்டு வைத்தால் கேள்வி சுலபமாகிவிடும்.

மருத்துவமனையில் எஃப்.ஐ.ஆர். எங்கே, கோர்ட் கடிதம் எங்கே என்று கேட்டு யாரும் காத்திருக்க வைக்க முடியாது. சிகிச்சைக்கு அது தேவையில்லை என்று விதியே சொல்கிறது. 72 மணி நேரம் என்ற கணக்கை மனதில் வையுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் அதற்குள் ஆரம்பித்தாக வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவர் உடன் இருக்கலாம். இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. அதைச் செய்வது தவறான நடத்தை என்று 2022-இல் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ‘காயம் ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை வந்தால் வீட்டார் உடைந்துபோவார்கள், அல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்பில் அடையாளம் இருக்காது, அதனால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. இதை அவர்களுக்கு அறிக்கை வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இனி அம்மா. நம் கோப்பில் குழந்தையின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் நம் நேரத்தில் பாதி அம்மாவுக்குப் போக வேண்டும். பிள்ளை சொன்னதை அம்மா நம்பிவிட்டால் அந்தப் பிள்ளை தேறுகிற வேகமே வேறு. அதற்கு அந்த அம்மா நிற்க ஓர் இடம் வேண்டும். எதிரி புருஷனாகவோ புருஷனின் தம்பியாகவோ இருந்தால் அடுத்த மாத வாடகை என்ன ஆகும், ரேஷன் கார்டு யார் பெயரில் இருக்கிறது, மாமியார் வீட்டில் இருக்க விடுவார்களா என்பதெல்லாம் வழக்கின் பகுதிதான். இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அன்றாடச் செலவுக்கு உடனடி உதவி தர நலக் குழு பரிந்துரைக்கலாம். இந்தத் தாள்களைச் சரியாக நிரப்பத் தெரிந்த கை, ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிடப் பெரியது. ஆதார், வங்கிக் கணக்கு, ஜாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களை முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். வயதை நிரூபிக்காமல் போக்சோ வழக்கே நிற்காது.

பாட்டிமார் வந்து, ‘அவன் நாசமாப் போக, புழுத்துச் சாவான்’ என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அது அவன்மேல் பாசம் வைத்திருக்கும். மிட்டாய் வாங்கித் தந்தவன், சைக்கிள் ஓட்டப் பழக்கியவன். நான் சொன்னதால்தான் அப்பா ஜெயிலுக்குப் போனார் என்று ராத்திரி தலையணைக்குள் அழும். எதிரியை நீங்கள் திட்டாதீர்கள். ‘பெரியவங்க செஞ்சதுக்குப் பெரியவங்கதான் பொறுப்பு, நீ இல்ல’ என்பதை மட்டும் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, பிள்ளை பேச்சை மாற்றும் நாள். ‘நான் சும்மா சொன்னேன் மிஸ்’ என்று ஒருநாள் சொல்லும். பதறக் கூடாது, பொய்யா சொன்னாய் என்று அதட்டவும் கூடாது. ‘சரிம்மா’ என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்குக் கடந்த வாரம் யார் வந்து போனார்கள் என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். ஊர்ப் பெரிய மனிதர் வந்திருப்பார், பணம் பேசியிருப்பார்கள், மூத்தவளுக்கு வரன் தகையாது என்று பயம் காட்டியிருப்பார்கள். பிறழ்சாட்சி கோர்ட்டில் உருவாவதில்லை. வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் உருவாகிறது. மாதம் ஒருமுறை தவறாமல் போய்வருகிற ஆள் இருக்கும் வீட்டில் அந்தத் திண்ணைப் பேச்சு கொஞ்சம் அடங்கும். அறிக்கைக்காக மட்டும் நாம் போவதில்லை.

அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘குழந்தை நலமாக உள்ளாள்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெரியக்கா கிழித்தே போடுவார். எத்தனை நாள் பள்ளிக்குப் போனாள், ராத்திரி தூங்குகிறாளா, படுக்கை நனைகிறதா, யாரைப் பார்த்தால் ஒளிகிறாள், எந்த நாற்றம் வந்தால் குமட்டுகிறது, டி.சி. வாங்கச் சொல்லிப் பள்ளியில் யாராவது பேசினார்களா, இதையெல்லாம் எழுத வேண்டும். பென்சிலுக்காகத் தம்பியோடு அடித்துக்கொண்டாள் என்று ஒருமுறை ஒரு பயிற்சிப் பெண் எழுதியிருந்தாள். பெரியக்கா அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ‘நல்லது’ என்று குறித்துக் கொடுத்தார். மாதக்கணக்கில் எதற்கும் வாய் திறக்காத பிள்ளை அது.

நீதிமன்றம் என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். காலை பத்தரைக்கு வரச் சொல்லிச் சம்மன் வரும். மதியம் மூன்றுக்கு வாய்தா என்பார்கள். குற்றத்தை நீதிமன்றம் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பது பல இடங்களில் வேறு. முதல்நாளே பிள்ளையைக் கூட்டிப்போய்க் காலி அறையைக் காட்டிவிடுங்கள். நீதிபதி இங்கே, நீ இங்கே, கழிப்பறை அங்கே. எதிரி பிள்ளையின் கண்ணில் படாமல் திரையோ வீடியோ வசதியோ இருக்கிறதா என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டு வையுங்கள். வழக்கறிஞர்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். நடுநடுவே இடைவேளையும் கேட்கலாம். சாட்சியம் என்ன என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘தெரியாது’, ‘ஞாபகம் இல்ல’, ‘புரியல, இன்னொரு தடவை கேளுங்க’, இந்த மூன்று பதிலும் தப்பில்லை என்பதை மட்டும் பழக்குங்கள். அதற்கும் வழக்கைத் தொடாமல், நேற்று பஸ்ஸில் வந்ததைப் பற்றி விளையாட்டாகக் கேட்டே பழக்கலாம். அன்றைக்குப் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பசித்த வயிற்றோடு நிற்கும் சாட்சி எதற்கும் ஆமாம் என்று சொல்லிவிடும்.

தண்டனை கிடைத்தால் பத்திரிகையில் வரும், விடுதலையானால் ஊர் பேசும். இரண்டு நாளிலும் நாம் போய் அந்த வீட்டில் உட்கார வேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்தால், உன்னை நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, போதுமான சாட்சியம் இல்லை என்றுதான் அர்த்தம் என்பதை அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் இந்த வேலையிலேயே கடினமான பாடம். பெரியக்காவிடம் எவ்வளவோ தடவை பார்த்தும் எனக்கு இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். ஆதரவு நபர்களின் பதிவேட்டை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். சிறப்புக் கல்வியாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அதே பதிவேட்டில்தான். சைகை மொழி தெரிந்தவர்களும், ஒடியா, பெங்காலி, இந்தி தெரிந்தவர்களும் இப்போது மிகவும் தேவைப்படுகிறார்கள். வேலைக்கு வராதவர்கள் 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அது எந்த நேரமும் இயங்கும். ஒரு வழக்கை எடுத்தால் தீர்ப்பு வரும்வரை கூட இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் பெயரைக் கொடுங்கள். பாதியில் விட்டுப்போகிறவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.